துட்டி வீட்டில் கண்ணீர் வரவில்லை

வியாழன், இரவு.

மாலையில் அத்தையை எடுத்தார்கள். மாமியார் என்று எழுதக் கை வரவில்லை. பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது நானும் சேர்ந்து அழுதேன், கண்ணீர்தான் வரவில்லை. தீராத மூக்கொழுகலுக்காகத் தை மாதம் டாக்டர் மூக்குக்குள் ஒரு நரம்பை வெட்டினார். ஒழுகல் நின்றது. கண்ணீருக்கும் அதே நரம்புதானாம்; கண்ணும் காய்ந்துவிட்டது.

"மருமகளுக்குக் கண்ணுகூடக் கலங்கல பாத்தியா" என்றாள் ஒருத்தி. நாத்தனார் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"மூக்கச் சிந்திக்கிட்டே எம்புட்டு நாளைக்கும்மா இருப்ப" என்று என்னைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ஆபரேசன் செய்ய வைத்ததே அத்தைதான். அதை இவர்களிடம் எப்படிச் சொல்ல?

நாளையும் துட்டி கேட்கப் பெண்கள் வருவார்கள். ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். காய்ந்த கண்ணுக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து பையில் இருக்கிறது. இப்போது கண்ணாடி முன் நின்று கண்ணில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். கன்னத்தில் வழிகிறது. கண்ணீர் மாதிரியேதான் இருக்கிறது.