ஒரே மூச்சில் ஊதிய விளக்கு

மார்ச் 4

அண்ணன் மனைவி அவர்களுக்கு,

நலம். அண்ணனும் நீங்களும் நலமென்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் முட்டிக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன். இது வேலை விஷயம்.

எங்கள் ஏலக்கூடத்துக்கு ஒரு கண்ணாடி மேஜை விளக்கு வந்திருக்கிறது. காளான் வடிவம். குடை பால்வெள்ளை, தண்டு கீழே போகப் போகப் புகைநீலம். மொத்தமே நாற்பதுதான் செய்தார்களாம். இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். கீறல், விரிசல், ஒட்டு எல்லாம் பார்த்துச் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. "குடையையும் தண்டையும் ஒட்டுத் தெரியாமல் இணைத்தது டிசைனரின் மேதைமை" என்று கேட்லாக்கில் எழுதியிருக்கிறார்கள். மூன்று நாளாக லென்ஸும் கையுமாகத் தேடுகிறேன். ஒட்டே இல்லை.

பதினாறு வருடத்துக்கு முன் நீங்கள் வேலை பார்க்கும் கண்ணாடித் தொழிற்சாலையில் செய்தது என்று அடியில் முத்திரை சொல்கிறது. யார், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை

மார்ச் 11

அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன்தான் பிரித்தார். படித்துவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். "நீயே பதில் எழுது. நான் எழுதினா பொண்டாட்டி பெருமை பேசுறேன்னு சொல்லுவா" என்றார்.

ஒட்டு இருக்காது. நான் ஒட்டவில்லை.

டிசைனர் வரைந்து தந்தது இரண்டு துண்டு. குடை தனி, தண்டு தனி. ஒட்டியதெல்லாம் ஆறும்போது கழுத்தில் வெடித்தது. ஒன்பது போயிற்று. மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் யாரையும் கேட்காமல் நான் உருகிய கண்ணாடியை ஒரே குமிழாக ஊதினேன். பாதி ஊதியதும் ஊதுகுழலைத் தொங்கவிட்டு ஆட்டினேன். தன் கனத்துக்கு அது தானே நீண்டது. இடுக்கியால் கழுத்தை ஒடுக்கி, மறுபடி உலையில் காட்டி, சுழற்றிக்கொண்டே ஊதினேன். நுனி குடையாக விரிந்தது. டிசைனர் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு "இதுதான்" என்றார். அவ்வளவுதான். நாற்பதையும் நான்தான் ஊதினேன். வேறு யார் ஊதினாலும் கழுத்து நிற்கவில்லை.

அடிவிளிம்பில், ஒயர் வெளியே வரும் துளைக்குப் பக்கத்தில் விரலால் தடவிப் பார். மூன்று சின்னக் குழிகள் இருக்கும். இடுக்கி நுனியால் நான் வைத்தவை. மேனேஜருக்குக்கூடத் தெரியாது.

இதை வைத்து அங்கே சண்டை போடாதே. எனக்கு ஒன்றும் வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலை வந்தால் நீ பட்டினி கிடப்பவள் என்று உன் அண்ணன் புலம்புகிறார்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 17

அன்புள்ள அண்ணி,

மூன்று குழிகளும் இருக்கின்றன. விரலில் தட்டுப்பட்டதும் திரும்ப எண்ணிப் பார்த்தேன். கீழே போட்டு உடைத்துவிடுவேனோ என்று விளக்கை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

சண்டை போட்டுவிட்டேன். எங்கள் நிர்வாகி, "ஊதுறவங்க பேரையெல்லாம் யாரும்மா போடுறாங்க? வாங்குறவங்க டிசைனர் பேரைப் பார்த்துத்தான் வர்றாங்க" என்றார்.

"ஒட்டுன்னு போட்டிருக்கீங்க. ஒட்டு இல்ல. இல்லாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றேன்.

"நல்லா யோசிச்சுக்கோ. உன் நாற்காலிக்கு ஆள் வரிசைல நிக்குது."

என் கையெழுத்து இல்லாமல் விளக்கு ஏலத்துக்குப் போகாது. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் கல்யாணத்தன்று, "உலையில வேகறவளா நம்ம வீட்டுக்கு வரணும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். உங்கள் காதில் விழுந்ததும் எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க நல்ல சமயம் பார்க்கிறேன் என்று பதினோரு வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இப்போது கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 22

அன்பு நாத்தனாருக்கு,

'அண்ணி' என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் அந்த வரியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். ஒருமுறை பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பத்திரிகையில் அந்த விளக்கின் படம் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "இது நான் செஞ்சதுங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்வதில்லை.

எனக்கு வேண்டும். என் பெயர் அதில் இருக்க வேண்டும். ஆனால் உன் வேலையைத் தின்றுவிட்டு வரும் பெயர் வேண்டாம். பார்த்துச் செய்.

கல்யாணத்தன்று நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மறக்கவில்லை. அதைச் சொன்னவளும் இன்று கையெழுத்துப் போட மறுப்பவளும் ஒருத்திதான் என்பது மனதில் படியக் கொஞ்சம் நாள் கொடு.

அண்ணி

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணி,

கேளுங்கள். ஏலத்துக்கு முந்தைய வாரம் பொருள்களைப் பார்வைக்கு வைப்போம். டிசைனரே வந்தார், கைத்தடி ஊன்றிக்கொண்டு. நிர்வாகி குடை பிடிக்காத குறையாகக் கூடவே நடந்தார். நான் நேராகப் போய், "இந்த ஒட்டு எங்க சார் இருக்கு? எனக்குக் காட்டுங்க" என்றேன். நிர்வாகிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஒட்டா? யார் எழுதினது? நான் ரெண்டு துண்டாத்தான் வரைஞ்சேன், நிக்கல. ஒரு பொண்ணுதான் ஒரே குமிழா ஊதிக் கொண்டுவந்தா. நான் பேர்கூடக் கேட்டுக்கல. கேட்டிருக்கணும்" என்றார்.

"எனக்குத் தெரியும் சார். அவங்க எங்க அண்ணி!"

கூடமே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். அவர் விரலைப் பிடித்து அந்த மூன்று குழிகளில் வைத்தேன். மனிதர் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. "கேட்லாக்கை மாத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

மாற்றிவிட்டார்கள். வடிவம் என்று அவர் பெயர். அடுத்த வரியில், ஒரே குமிழாக ஊதி உருவாக்கியவர் என்று உங்கள் பெயர், முழுப் பெயர். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதென்று அச்சகத்திலேயே போய் நின்றேன். விளக்கை ஏலத்தில் ஓர் அருங்காட்சியகம் எடுத்திருக்கிறது. அங்கேயும் இரண்டு பெயரும் இருக்கும். கேட்லாக் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் நாற்காலி பத்திரம். நிர்வாகிதான் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்.

பெருமை தாங்க முடியாமல்,
உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 15

என் அன்பு நாத்தனாருக்கு,

பக்கம் வந்து சேர்ந்தது. உன் அண்ணன் அதை என்னிடம் தராமல் நேரே தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். உலைக்காரர் எல்லோரையும் கூட்டி உரக்க வாசித்தார். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். எங்களுடையது கேஸ் உலை, புகையே கிடையாது. ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை.

டிசைனர் புதிதாக ஒன்று வரைந்து அனுப்பி, ஊதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். கொஞ்சம் காத்திருக்கட்டுமே!

நான் ஊதும்போது யாரும் கிட்டே வரக் கூடாது என்பது இங்கே சட்டம். உன் அண்ணனையே விட்டதில்லை. திங்கட்கிழமை நீ வா. என் பக்கத்தில் நின்று பார். பருத்தித் துணி உடுத்திக்கொண்டு வா. நைலான் உலைக்கு ஆகாது.

உன்
அண்ணி