நீ வராத கூட்டம்

என் அருமை மச்சான் அந்தோணிக்கு,

முதலில் ஒரு சந்தோஷச் செய்தி. இதை எழுதுவது நானேதான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. சம்பள நாளில் கட்டைவிரலை நீட்டிய அதே கைதான் எழுதுகிறது. மேலே உன் பெயரை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கூப்பிட்ட பெயர், எழுத்தில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே!

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் வகுப்பு நடக்கிறது. ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் பெண்களுக்காக ஆரம்பித்தது. நான் போய் உட்கார்ந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது உன் மனைவி, என் தங்கை ரீத்தாதான். "அண்ணே, எழுவது வயசுக்கு மேல ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வேலைக்குப் போவப் போறியா?" என்றாள்.

சிரிக்கட்டும். நீ இருந்தபோது காலையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பாய், நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்போம். நீ போன பிறகும் பேப்பர் வந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் போனேன். இப்போது நானே படிக்கிறேன், மச்சான். மெதுவாகத்தான். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. அதனால் என்ன?

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. வழக்கம்போல் வருவேன், புல்லைப் பிடுங்குவேன், மெழுகுவத்தி ஏற்றுவேன், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவேன். பேச்சு எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். ஆகவே சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன். நம் ஆட்களும் படிக்கட்டும்.

ஆற்றோரத்துச் செம்பனை மரங்கள் இப்போது இல்லை. எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு சோலார் பலகைகளை நட்டிருக்கிறார்கள். பத்தாங் பெர்ஜுந்தை ரோட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் நிற்பது போல மின்னுகிறது. உன்னோடு சேர்ந்து குலை வெட்டிய இடத்தில் எது எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நான் அதைக் குறை சொல்லமாட்டேன். வெயிலிலிருந்து கரண்டு எடுப்பது நல்ல காரியம். வெள்ளம் லயத்து வீடுகளுக்குள் வந்ததையும், புகைமூட்டத்தில் நீ மூச்சுக்குத் தவித்ததையும் நான் மறக்கவில்லை. பூமி சூடாகிறது என்று எங்களுக்குப் படித்துச் சொன்னவனே நீதானே.

ஆனால் ஒரு காட்சியை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. காலையில் ரவாங்கிலிருந்து ஒரு வேன் தோட்டத்துக்குள் வருகிறது. பலகை கழுவவும் புல் வெட்டவும் காவலுக்கும் ஆட்கள் அதில் வருகிறார்கள். அதே நேரத்தில் உன் மகள் பிலோமினா, ரவாங் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கிறாள். அந்தப் பகுதியில் உதிரிப் பழம் பொறுக்கியே கை காய்த்துப்போனவள். அவள் எதிரிலேயே வேன் திரும்பி உள்ளே போகிறது. பிறகு அவளுடைய பஸ் வருகிறது.

இது எப்படி நடந்தது என்று உனக்கு ஓரளவு தெரியும். இப்போது முழுவதையும் சொல்கிறேன்.

ஆற்றோரத்து மரங்களைச் சாய்க்கப் போவதாகச் சொல்ல முதல் கூட்டம் போட்ட அன்று உனக்கு டயாலிசிஸ் நாள். நீ கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். இருந்தாலும் எங்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி முன் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தான். தோட்டத்துச் சங்கத் தலைவர் நீ, உன் இடத்தில் வேறு யார் உட்காருவது? மேனேஜர் பேசினார். சோலார் கம்பெனியிலிருந்து வந்த பெண் பேசினாள். நம் பெண்தான், பாதிப் பேச்சு இங்கிலீஷ். கடைசியில், "ஏதாச்சும் கேக்கணுமா? உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தோம்.

"தலைவரு வரட்டும் லா, மிஸ்," என்றான் முனியாண்டி.

"எப்ப வருவாரு?"

"சாயங்காலம்."

அவர்கள் சாயங்காலம் வரை இருப்பார்களா? கறிபாப் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே வேலை வந்தால் முதலில் எங்களுக்குக் கொடுங்கள் என்ற ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல அந்த மண்டபத்தில் ஆள் இல்லை.

நீ களைத்துப்போய் வந்து படுத்தாய். நாங்கள் கட்டிலைச் சுற்றி நின்று சொன்னோம். "ஏண்டா, ஒங்க வாய்க்கெல்லாம் பூட்டா போட்டிருக்கு?" என்று திட்டினாய். அப்புறம் உனக்கே பாவமாகிவிட்டது. "சரி சரி, அடுத்த கூட்டத்துல நான் பேசிக்கிறேன். நீங்க சும்மா இருங்க," என்றாய்.

அடுத்த கூட்டம் போடுவதற்குள் நீ போய்விட்டாய்.

மச்சான், செத்தவனிடம் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. எங்களுக்காக நீ பேசினாய், சண்டை போட்டாய், மேனேஜர் வாசலில் நின்றாய். அதற்கெல்லாம் என்ன கைம்மாறு செய்ய முடியும்? ஆனால் ஒருநாளாவது, "சூசை, இன்னிக்கு நீ கேளு," என்று என்னை முன்னால் தள்ளிவிட்டிருக்கக் கூடாதா? நீ அவ்வளவு நன்றாகப் பேசியதால் எங்களுக்குப் பேசவே தேவையில்லாமல் போயிற்று. உன்மேல் கோபம் இல்லை. வருத்தம்தான்.

போன மாதம் மேட்டுப் பகுதிக்கும் கூட்டம் போட்டார்கள். அங்கேயும் செம்பனை போய் சோலார் வரப்போகிறது. மறுபடியும் முன் வரிசையில் நாற்காலி. "சூசையண்ணே, நீங்க ஒக்காருங்க. தலைவரு மச்சான் நீங்கதானே," என்றான் முனியாண்டி. நான் உட்கார்ந்தால் எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

பழையபடி ஒரே அமைதி. சோலார் கம்பெனிப் பெண் பையை மூடப் போனாள். அப்போது வாசல் பக்கமிருந்து, "மிஸ், ஒரு நிமிஷம்," என்று குரல் வந்தது. பிலோமினா. வேலை முடிந்து அப்படியே வந்திருக்கிறாள், தொழிற்சாலை உடுப்போடு.

"மரத்த எடுத்துட்டு வெயில வச்சு கரண்டு எடுக்குறீங்க, நல்லதுதான். அந்தப் பலகையக் கழுவ ரவாங்லேருந்து ஆளு இங்க வருது. நான் இங்கேருந்து ரவாங் போறேன். இதுல யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க?"

யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், மண்டபமே பேச ஆரம்பித்துவிட்டது. லயத்து வீடு என்னாகும் என்றாள் ஒருத்தி. இந்த வயசில் டிரெய்னிங் கொடுப்பீர்களா என்றான் ஒருவன். "பலகைக்கு அடியில புல்லு மேய ஆடு கொண்டாந்தீங்களே, அதுங்களுக்கு இண்டர்வியூ வச்சீங்களா?" என்று முனியாண்டியே கேட்டான்! "அக்கா, அண்ணே, ஒன் பை ஒன் பேசுங்க லா, ப்ளீஸ்," என்று அந்தப் பெண் கும்பிட்டாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

பதில் வந்தது. மேட்டுப் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு டிரெய்னிங் உண்டு, சோலாரில் வேலையும் முதலில் அவர்களுக்குத்தான். வேறு வீடு கிடைக்கும்வரை லயத்தில் இருக்கலாம். ஆற்றோரத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம், அது முடிந்துபோன விஷயமாம்.

கேட்டவள் ஆற்றோரத்து ஆள். கிடைத்தது மற்றவர்களுக்கு. வீட்டுக்கு வந்ததும் ரீத்தா அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் பிலோமினாவின் முகத்தைப் பார்க்கக் கூசினேன். "பரவால்ல மாமா, அவங்களாச்சும் உள்ளுக்குப் போவட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். இன்றைக்கும் ஓடுகிறாள்.

வருகிற திங்கட்கிழமை அந்தக் கம்பெனிப் பெண் தோட்டத்து ஆபீசுக்கு வருகிறாளாம். ஆற்றோரத்து ஆட்கள் ரவாங்கிலும் கோலா குபு பாருவிலும் சிதறிக் கிடக்கிறார்கள். முடிந்தவரை சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருகிற ஒவ்வொருவரும் தன் வாயால் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியவில்லை. யாரும் வராவிட்டாலும் நான் போவேன். முடிந்துபோன விஷயம் என்றால், எங்களுக்கு முடியவில்லை என்று சொல்வேன். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, மலாயில்தான் சொல்ல வேண்டும். என் மலாய் உனக்குத் தெரியும். நீ அங்கே இருந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொள். கேட்டு முடிக்காமல் நான் உட்கார மாட்டேன், மச்சான்.

ரீத்தாவின் அண்ணன், பிலோமினாவின் மாமன்,
என்றும் உன் மச்சான்
சூசை