ஏழாவது சட்டை

அனுப்புநர்:
புள்ளியியல் விரிவுரையாளர்,
தரைத்தள வீடு, இரண்டாம் கட்டடம்,
அடுக்குமாடிக் குடியிருப்பு.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவியை நேரில் கண்டு, அவர் நலமாக இருக்கிறாரா என்று உறுதி செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சங்கச் செயலாளரும் அவர் மனைவியும் வசிக்கிறார்கள். மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர். பிற்பகல்களில் அவருடைய தையல் இயந்திரத்தின் சத்தம் என் சன்னல் வரை கேட்கும். சில நாட்களில் அது நடுவில் நின்று, வேறு சத்தங்கள் கேட்கும். நாங்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்வோம்.

2. என் தங்கை மகள் நவீன நடனக் குழு ஒன்றை நடத்துகிறாள். பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்து, மேடையில்லாமல் தெருமுனைகளிலும் குடியிருப்பு வாசல்களிலும் ஆடுகிறார்கள். மூச்சும் காலடிச் சத்தமும்தான் இசை. ஒருத்தி தரையில் இழுத்துச் செல்லப்படுவாள். மற்றவர்கள் முதுகைக் காட்டி நிற்பார்கள். பாட்டு ஏன் இல்லை என்று கேட்டேன். "பாட்டு போட்டா காலை ஆட்டிக்கிட்டு ரசிச்சிட்டுப் போயிடுவாங்க பெரியம்மா" என்றாள். ஆட்டத்தைப் பார்த்து எவனும் ஓங்கிய கையை இறக்குவான் என்று நான் நம்பியதில்லை. இன்றும் நம்பவில்லை. அவள் கேட்டுக்கொண்டதால் சங்கத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

3. அனுமதியில் கையெழுத்திட்டவர் செயலாளர். குழுவிலுள்ள ஆறு பேருக்கும் சாம்பல் நிறச் சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி. கையைத் தூக்கும்போது அக்குளில் பிடிக்கக்கூடாது என்று, ஒவ்வொருவரையும் ஆடிக் காட்டச் சொல்லி அளவெடுத்திருக்கிறார். மிச்சத் துணியில் தமக்கும் ஒன்று தைத்துக்கொண்டதை அவர் எவரிடமும் சொல்லவில்லை.

4. கடந்த மாதம் ஒரு ஞாயிறு மாலை, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஆட்டம் நடந்தது. செயலாளர் ஒலிபெருக்கியில் பெண்மையைப் போற்றி வரவேற்புரை ஆற்றிவிட்டு முதல் வரிசையில் அமர்ந்தார். பாதி ஆட்டத்தில் அவர் மனைவி அந்தச் சட்டையோடு படியிறங்கி வந்து, ஆடுபவர்களுக்கு நடுவே நின்றார். அவருக்கு ஆடத் தெரியாது. கையைத் தூக்கி முகத்தை மறைத்தார், இறக்கினார், மறுபடி மறைத்தார். அவ்வளவுதான். மிகவும் பழகிய அசைவாக இருந்தது.

செயலாளர் எழுந்து சென்று, கூந்தலைப் பற்றி மாடிப்படி வரை அவரை இழுத்துப் போனார். மனைவியின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அப்போது குழுவினர், பயிற்சியில் உள்ளபடி, முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர், "அடேங்கப்பா, நம்ம செயலாளரும் இதுல இருக்காரா? சொல்லவே இல்லையே!" என்றார். கைதட்டல் எழுந்தது. பாதுகாப்புக்கு வந்திருந்த காவலரும் தட்டினார். நானும் தட்டினேன்.

படிக்கட்டின் இரும்புக் கதவு பூட்டப்படும் சத்தம் கேட்டுத் திரும்பிய என் தங்கை மகள், "இது ஆட்டத்துல இல்லை! ஐயோ, இது ஆட்டத்துல இல்லை!" என்று கத்தினாள். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

5. அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். செயலாளரை வரவழைத்தார்கள், மனைவியை அழைக்கவில்லை. "அவளுக்கு ஆடணும்னு ஆசை சார். புருஷன்னு நானும் ரெண்டு ஸ்டெப் போட்டேன். தப்பா?" என்றார் அவர். நிலையத்தில் சிரித்தார்கள். யாரோ கைபேசியில் எடுத்திருந்த காட்சியை ஆய்வாளர் போட்டுப் பார்த்தார். "அத்தனை பேரும் தட்டுறாங்க, நீங்களும்தான் தட்டுறீங்க. இப்ப வந்து நிஜம்னு சொன்னா எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டு, நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எழுதிப் புகாரை முடித்தார். எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பது, ஒன்று நடந்ததா இல்லையா என்பதற்கு விடையாகாது. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் சொல்லித்தருவது இதைத்தான்.

6. அதன்பின் தையல் இயந்திரம் ஓடவில்லை. அன்று நான் எடுத்து வைத்திருந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். செயலாளர் ஒரு சாண் அளவுக்குக் கதவைத் திறந்து, "அவ ஊருக்குப் போயிருக்கா டீச்சர். வந்து வாங்கிக்குவா" என்றார். அது தடித்த கண்ணாடி. அது இல்லாமல் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியாது. பேருந்தின் பலகையைப் படிக்க முடியாது. "கண்ணாடி இல்லாமலா போனாங்க?" என்று கேட்டேன். கதவு சாத்தப்பட்டது.

நேற்றுக் காலை செயலாளர் வாசலில் தம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் சாம்பல் நிறத் துணி. அதிலிருந்து சட்டைக் கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

7. என் தங்கை மகளால் இப்போது ஆட முடிவதில்லை. முதுகைக் காட்டி நிற்க வேண்டிய இடம் வந்தால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

8. செயலாளரைத் தண்டிக்கும்படி இம்மனுவில் நான் கேட்கவில்லை, அது பிறகு. பெண் காவலர் ஒருவரை அனுப்பி அந்தக் கதவைத் திறக்கச் செய்யுங்கள். உள்ளே அவர் இருந்தால், கணவர் அருகில் இல்லாமல் அவரைப் பேச விடுங்கள். இல்லையென்றால், எந்த ஊர் என்று கேட்டு அங்கே ஆளனுப்புங்கள்.

இத்துடன் அவருடைய மூக்குக்கண்ணாடியை இணைத்துள்ளேன். இடப்பக்கம் கீறல் விழுந்திருக்கிறது. மற்றபடி பார்க்க உதவும். சாட்சிப் பொருள் என்று உறையிலிட்டு வைத்துவிட வேண்டாம். அவர் கையில் கொடுத்து, அவர் அதைப் போட்டுக்கொண்டதை நேரில் பார்த்த பிறகு, எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இடம்: எதிர் வீடு
நாள்: மார்ச் 11

காத்திருக்கும்,
(கையொப்பம்)
புள்ளியியல் விரிவுரையாளர்

இணைப்பு: மூக்குக்கண்ணாடி, ஒன்று.