உன் அக்கா என்று சொல்லாதே

செவிலியர் விடுதி, தாலுகா ஆஸ்பத்திரி
14 செப்டம்பர் 1997

அன்புள்ள நீலக்கா,

உன் கால் தொட்டு எழுதுகிறேன். நான் சுகம். இங்கே போடும் சோள ரொட்டி அட்டை மாதிரி இருக்கிறது, அது ஒன்றுதான் குறை.

உனக்கு ஏழாம் மாதம் என்று மாமா அனுப்பிய ஆள் சொல்லித்தான் தெரிந்தது. தங்கைக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? போன முறை வீட்டில் இரண்டு நாள் வலித்தது. குழந்தை அழவே இல்லை. உன்னையும் பாதி உயிரோடுதான் எடுத்தோம். இந்த முறை தீபாவளி கழிந்ததும் இங்கே வந்துவிடு. ரத்தம் ஏற்ற வசதி உண்டு, டாக்டரம்மா நல்லவர்.

உன் தங்கை
கஸ்தூரி

ஹிரேகல்
28 செப்டம்பர் 1997

தங்கச்சி கஸ்தூரிக்கு,

மனம் நிறைந்த ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அத்தை, "உன் தங்கச்சி பட்டம் வாங்கினாலும் வாங்கினா, நமக்கு நோட்டீஸ்தான் வருது" என்று சிரித்தாள். அவள் வாய் உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. கை நிறையப் பச்சை வளையல் போட்டார்கள். ஊரே வந்தது, பின்தெரு பர்வதவ்வா மட்டும் வரவில்லை. சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே போனேன். அவள் கை மொட்டையாக இருந்தது.

ஆகஸ்டில் உங்கள் ஆஸ்பத்திரியில்தான் பெற்றாளாம். வளையலோடு மேசையில் ஏறக் கூடாது என்றார்களாம். கை வீங்கியிருந்ததால் கழற்ற வரவில்லை. ஆயா கட்டில் கம்பியில் மோதி ஒவ்வொன்றாக உடைத்தாளாம். இவள் புருஷன் கோவாவில் கட்டட வேலை செய்கிறான். நம் பக்கத்தில் வளையலை எப்போது உடைப்பார்கள்? வலிக்கு நடுவில் இவள் அவன் செத்துப்போய்விட்டான் என்றே நினைத்துவிட்டாள். கேட்டுக் கேட்டுக் கத்தியிருக்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. சுகமாக இருக்கிறேன் என்று அவன் தந்தி வந்து சேர நான்கு நாள் ஆயிற்றாம்.

கையைப் பிடித்திருந்த நர்ஸ் சின்னப் பெண், கண்ணாடி போட்டவள், வாயே திறக்கவில்லை என்றாள்.

கஸ்தூரி, அது நீயா?

நீலவ்வா

ஆஸ்பத்திரி
6 அக்டோபர் 1997

அக்கா,

நான்தான்.

அவள், "எம்புருஷனுக்கு என்னாச்சு, சொல்லுங்களேன்" என்றாள். ஹனுமவ்வா ஆயா, "புருஷன் நெனப்பு இப்பத்தான் வருதா? சும்மா கெட" என்று தொடையில் அறைந்தாள். "அவருக்கு ஒண்ணும் ஆகல, ஊசி போடத்தான் வளையல உடைச்சோம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் எதை நினைத்துக் கத்துகிறாள் என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் பெரிய சிஸ்டர் நிற்கும்போது எனக்குக் குரல் வராது. பிடித்த கையையும் விடவில்லை.

தினமும் இப்படித்தான் நடக்கிறது அக்கா. திரை கிடையாது. கூட யாரையும் விடுவதில்லை. கத்தினால் ஏச்சு, காலை மூடினால் அறை. படித்தபோது இதெல்லாம் பாடத்தில் இல்லை. ஆறே மாதத்தில் பழகிவிட்டேன்.

நீ பயப்படாதே. என் அக்கா என்று முன்னாலேயே சொல்லிவைக்கிறேன். உன்மேல் ஒரு விரல் படாது.

கஸ்தூரி

ஹிரேகல்
15 அக்டோபர் 1997

கஸ்தூரிக்கு,

நர்ஸ் தங்கை இல்லாதது பர்வதவ்வா செய்த குற்றமா?

நீ பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் நான் வரவில்லை. அத்தை மருத்துவச்சியிடம் சொல்லிவைத்துவிட்டாள். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. முதல் குழந்தையை இன்னும் கனவில் காண்கிறேன். ஆனால் வீட்டில் செத்தால் என் கையை அத்தை பிடித்திருப்பாள்.

என்றைக்காவது அங்கே வர நேர்ந்தாலும் உன் அக்கா என்று யாரிடமும் சொல்லாதே. எல்லாருக்கும் எப்படியோ எனக்கும் அப்படியே.

நீலவ்வா

ஆஸ்பத்திரி
5 நவம்பர் 1997

அக்கா,

டாக்டரம்மா அறை வாசலில் மூன்று நாள் நின்று திரும்பினேன். நான்காம் நாள் உள்ளே போய், "வளையல் மேல துணி சுத்திட்டா ஊசி போட முடியாதா மேடம்?" என்று கேட்டேன். "அட, ஊமைக்கு வாய் வந்துடுச்சு" என்றார் பெரிய சிஸ்டர். பர்வதவ்வாவின் கதையைச் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. டாக்டரம்மா ஆகஸ்ட் பதிவேட்டை எடுத்து அவள் பெயரைத் தேடிப் பார்த்தார். பிறகு, "ஒரு மாசம் செஞ்சு பாப்போம். கூட ஒரு பொம்பளையையும் விடுங்க" என்றார். பழைய விரிப்புகளைத் தைத்துத் திரை கட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வந்து பர்வதவ்வாவைப் பார்த்தேன். உன் வீட்டு வாசலுக்கு வர முகம் இல்லை. அவள் தண்ணீர் கொடுத்தாள். "மன்னிப்பெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அடுத்தவளுக்குப் பண்ணாம இரு, போதும்" என்றாள்.

நீ யார் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வந்துவிடு.

கஸ்தூரி

ஹிரேகல்
25 நவம்பர் 1997

தங்கச்சி,

போன செவ்வாய்க்கிழமை பெண் பிறந்தாள். உங்கள் ஆஸ்பத்திரியில்தான். நீ பயிற்சிக்கு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த வாரம்.

வீட்டில்தான் தொடங்கியது. ஒரு பகல் முழுக்க வலித்தும் இறங்கவில்லை. மருத்துவச்சியே பயந்துவிட்டாள். அத்தை அழுதுகொண்டு நின்றாள். பர்வதவ்வாதான் டெம்போ பிடித்து என்னை ஏற்றினாள். "அந்த வாசலுக்கா?" என்றாள் அத்தை. "நான் கூடப் போறேன். இவ கையை நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் அவள்.

வளையல்மேல் துணி சுற்றினார்கள். திரை இருந்தது. பர்வதவ்வாவை உள்ளே விட்டார்கள். ஊசி எதற்கு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போட்டார். ஆனால் வலி தாங்காமல் காலை மூடினேன் பார், உன் ஹனுமவ்வா ஒரு அறை விட்டாள். பர்வதவ்வா எழுந்துவிட்டாள். "இன்னொரு தடவ ஓங்கிப் பாரு." ஆயா கையைத் தாழ்த்திக்கொண்டு, "கஸ்தூரி சிஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். அப்போதும் நான் யார் என்று சொல்லவில்லை.

குழந்தை கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. டாக்டரம்மா விடாமல் பாடுபட்டு அழவைத்தார். வீட்டில் என்றால் இவளும் அழுதிருக்க மாட்டாள்.

டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் இதனுடன் வைத்திருக்கிறேன். எழுதியது நான், கையெழுத்து என்னுடையதும் பர்வதவ்வாவுடையதும். அதில் நன்றியும் இருக்கிறது, அறையும் இருக்கிறது. ஆகஸ்டில் கையைப் பிடித்திருந்த நர்ஸின் பெயரும் இருக்கிறது. நீ வாயால் சொன்னது போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும் என்றாள் பர்வதவ்வா. எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

கிழித்துவிட்டால் எனக்குத் தெரியப்போவதில்லை. கிழித்தால் எனக்கு எழுதாதே. கொடுத்தால், டிசம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறோம், வா.

நீலவ்வா

ஆஸ்பத்திரி
2 டிசம்பர் 1997

அன்புள்ள அக்கா,

கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா என் முன்னாலேயே படித்தார்.

"உன் பேர் இருக்கு. பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

ஹனுமவ்வாவுக்கும் எனக்கும் விளக்கம் கேட்டுக் காகிதம் வந்திருக்கிறது. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "இருபது வருசமா இப்படித்தான் பண்றேன். தப்புன்னு ஒருத்தரும் சொல்லல. எம்புள்ளைங்களப் பெத்தப்ப நானும் அறை வாங்கினவதான்." அதற்குக் கீழே அவள் பெருவிரலை நானே பிடித்து வைத்தேன். என்னுடையதில் ஒரே வரி, நடந்தது உண்மை என்று. வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை.

இரண்டையும் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது டாக்டரம்மா கேட்டார், "இந்த நீலவ்வா உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"இங்க பிரசவத்துக்கு வந்தவங்க மேடம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உன்
கஸ்தூரி