உனக்கு இரண்டு முறை அடித்த மணி

இன்று காலை மருமகள் வரிக்கச் சக்கை வெட்டினாள். வீடெல்லாம் பலாப்பழ மணம். ஒரு சுளையை வாயில் போட்டதும் உன் நினைவு வந்தது. அழுதிருப்பேன் என்று நினைப்பாய், இல்லை, சிரித்தேன். கிட்னி போனவர்கள் தொடவே கூடாது என்று டாக்டர் விலக்கிய பழம் அல்லவா? டயாலிசிஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் ஏழு சுளை தின்றுவிட்டு, "இனி எனக்கு என்ன பத்தியம்?" என்று கேட்டாயே.

முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நீ. பத்து மாதம் டயாலிசிஸுக்காகத் திருவனந்தபுரத்துக்குப் போய்ப் படுத்தெழுந்தாய். இருதயமும் தளர்ந்த பிறகு ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இதுக்க முடிவு எனக்குத் தெரியும், கேட்டியளா. என்னைய வீட்டுக்குக் கொண்டுபோங்க. நான் நெனவில்லாம கெடந்தாலும் திருப்பிக் கொண்டுவரப்பிடாது." சரி என்றேன். சிகிச்சையை நிறுத்தச் சம்மதம் என்று டாக்டர் நீட்டிய காகிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீ பேனாவைப் பிடுங்கி, அழகாகக் கையெழுத்துப் போட்டாய்.

நம் ஊர் குன்னத்துகாலில் ஒரு வீட்டு முன் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் உள்ளே சவம் என்றுதான் அர்த்தம். நம் சர்ச் சபையாரும் அப்படியே நினைத்தார்கள். உன்னை இறக்குவதற்குள் கோயிலில் சாவுமணி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்து ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொன்னாய்: "அழுதது போதும் பிள்ளியளே. எவளாவது எனக்குக் கொறச்சு கட்டன் சாயா போடுங்க." மணியடித்தவர் வந்து மன்னிப்புக் கேட்டார். "அடிச்சது அடிச்சதாக்கும். சாவும்போ இன்னும் ஒண்ணுகூட அடியும்" என்று அனுப்பி வைத்தாய்.

எட்டாம் நாள் நீ நினைவு தப்பினாய். அன்றுதான் நம் மகன் துபாயிலிருந்து வந்து இறங்கினான். வந்த டாக்ஸியைத் திருப்பி நிறுத்தச் சொன்னான். "அப்பா, அம்மைய இப்பிடிச் சாவ விடுதியளா?" என்று கத்தினான். எனக்கும் ஒரு நிமிஷம் மனசு ஆடியது, பொய் சொல்லமாட்டேன். ஒரே ஒரு தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்தால் நீ கண் திறந்து என்னைப் பார்ப்பாய். அந்த ஆசையை விழுங்கிவிட்டு வாசலில் குறுக்கே நின்றேன். "அவ சொன்ன வாக்காக்கும் மக்கா. கொண்டுபோணும்ணா என்னையச் சவிட்டி மிதிச்சிட்டுப் போ."

அவன் டாக்ஸியை அனுப்பிவிட்டு உன் காலடியில் உட்கார்ந்தான். இரண்டு நாள் அவன் எழவில்லை. நீ கடைசி மூச்சை விட்டபோது உன் உடம்பில் ஒரு குழாய் கிடையாது, ஒரு ஊசி கிடையாது. ஒரு பக்கம் அவன் கை, ஒரு பக்கம் என் கை. மணி இரண்டாம் முறையாக அடித்தது.

பெண்டாட்டியைச் சாக விட்டவன் என்று சிலர் பேசினார்கள். நான் தலை குனியவில்லை. ஆனால் மகன் அதன்பின் என்னிடம் அளந்துதான் பேசினான், அதுதான் வலித்தது. இப்போது லீவில் வந்திருப்பவன், சென்ற வாரம் அவனாகவே அருகில் வந்து உட்கார்ந்தான். "ஒங்களுக்கு இப்பிடி வந்தா நான் என்ன செய்யணும் அப்பா?"

"இருக்கப்பட்ட குழாயெல்லாம் போடு மக்கா," என்றேன். "அந்தத் தைரியம் ஒனக்க அம்மைக்கு மட்டுமாக்கும்."

உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அது இருந்த ஒருத்திக்கு நான் புருஷனாக இருந்தேன் என்ற கர்வம் மட்டும் இந்த வயதிலும் அடங்கவில்லை.