பாதி கரன்ட் போதும்

மயூர் விஹார்,
புதன்கிழமை

அன்புள்ள இந்துஜா அப்பாவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் மூவரும் சௌக்கியம் என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் ஆபீஸ் பாலசுப்ரமணியம் நாளை கோர்பா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

சனிக்கிழமையிலிருந்து ப்ரணவ் ஸ்பூனால் சாப்பிடுகிறான், தயிர் சாதத்தைக்கூட. கேட்டால், "குச் நஹி மா, ஒண்ணுமில்லே, கைல லேசா கீறிடுச்சு" என்றான். இந்துஜாதான் உண்மையைச் சொன்னாள். ஃப்ளைஓவர் ஏற்றத்தில் அவனுடைய எலக்ட்ரிக் பைக் புகைந்து நின்றுவிட்டதாம். பேட்டரி கனெக்டரைப் பிடுங்கப் போனவனின் உள்ளங்கையில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த பஸ் கடைசி நொடியில் ஒதுங்கிப் போயிருக்கிறது. இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பின் சீட்டில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்று அதற்கு முன்பே உங்களைக் கேட்டானாமே. கரன்டை ஏற்று என்றீர்களாம். மோட்டாருக்குப் போகும் கரன்டுக்கு வரம்பு வைக்கும் கன்ட்ரோலரைத் திறந்து, கரன்டை அளக்கும் சின்னக் கம்பியின் மேல் ஈயத்தை உருக்கி வைத்துவிட்டான். இப்போது இரண்டு மடங்கு கரன்ட் போனாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது.

கரன்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்கு என்றேன். "நீ புக்ல படிச்சே மா. அப்பா டெய்லி கரன்ட்டோடயே இருக்கறவர்" என்றான். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் இந்த வீட்டில் செல்லாது.

அந்த அப்பாவின் சப்ஸ்டேஷனில் என்ன நடக்கிறது? வோல்டேஜை ஏற்றிக் கரன்டைக் குறைத்துத்தானே ஊர் ஊராக மின்சாரத்தை அனுப்புகிறீர்கள்? பிள்ளைக்கு மட்டும் எப்படி மாற்றிச் சொன்னீர்கள்? அவனுடையது முப்பத்தாறு வோல்ட் வண்டி. எழுபத்திரண்டுக்கான பேட்டரியும் கன்ட்ரோலரும், அதற்கேற்ப உள்ளே ஒயரை அதிகச் சுற்று சுற்றிய மோட்டாரும் போட்டால் அதே இழுவைக்குப் பாதி கரன்ட் போதும். வோல்டேஜை மட்டும் ஏற்றினால் வேகம்தான் கூடும், அதையும் சொல்ல வேண்டும்.

அவன் புது கனெக்டரும் தடிமனான ஒயரும் வாங்கி மாட்டியிருக்கிறான், அது போதுமாம். மோட்டாருக்குள் இருக்கும் ஒயரை யார் மாற்றுவது? சாவியை ஒளித்து வைத்தேன். சாவி இல்லாமலே ஸ்டார்ட் செய்து காட்டிச் சிரிக்கிறான். வருகிற திங்கட்கிழமை இந்துஜாவுக்குக் காலேஜ் திறக்கிறது. தினமும் அவன் பின்னால்தான் போவாளாம். மெட்ரோவில் போ என்று கெஞ்சினேன். "அண்ணா இருக்கான்ல, டர் கிஸ் பாத் கா? என்ன பயம்?" என்கிறாள்.

இந்த முறையும் நீங்கள் தில்லி மாற்றலுக்கு எழுதிக் கொடுக்கவில்லை என்று பாலசுப்ரமணியம் சொன்னார். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் மேஜை மேலேயே கிடக்கிறது. ப்ரணவ் இரண்டு தடவை கடந்து போனான். அவனுக்குத் தமிழ் படிக்க வராதது இன்றைக்கு ஒரு சௌகரியம்.

திங்கட்கிழமைக்குள் அவனைப் போனில் கூப்பிடுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். யோசித்துப் பார்த்ததில் பாதி கரன்ட் போதும் என்று உங்களுக்கே தோன்றியதாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது தப்பு என்றுகூடச் சொல்ல வேண்டாம். நான் பக்கத்தில் நின்று, இப்போதுதான் கேட்பவள் போலக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லவும் வேண்டாம்.

உங்கள் குரலுக்குத்தான் அவன் நிற்பான். குழந்தைகள் இரண்டு பேரும் முழுசாக வீடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
வசுமதி