வலது கைக்கு மாற்றிய சேவ்

மாப்ள,

இன்று காலை உன் தங்கை ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் உன் லேப்டாப். திறந்ததும் கீபோர்டைத்தான் பார்த்தேன். இடது ஓரத்து கன்ட்ரோலும் ஷிஃப்ட்டும் நேற்று வாங்கியவை போல இருக்கின்றன. வலது ஓரத்து கன்ட்ரோலும் ஆல்ட்டும் தேய்ந்து பளபளக்கின்றன. எல் எழுத்து சுத்தமாக அழிந்துவிட்டது.

"அண்ணே, இதுல எதைத் தட்டினாலும் வேற என்னமோ நடக்கு. கன்ட்ரோல் எஸ் அடிச்சா சேவே ஆக மாட்டேங்கு. காலேஜ்ல லேப் டெஸ்ட் வருது. எல்லாரு மாதிரியும் மாத்திக் குடுங்க."

சரி என்று சொல்லி, நீ புரோகிராம் எழுதும் எடிட்டரைத் திறந்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், உன் அம்மாவுக்கு மில்லில் ஷிஃப்ட் என்பதால் ஆஸ்பத்திரிக்கு உன்கூட நான் வருவேன். ஊசி ஏறிய இடது கையை நான்கு மணி நேரம் ஆட்டக்கூடாது. நீயோ வேலை பார்த்தே தீருவேன் என்று மடியில் லேப்டாப்பை வைத்துக்கொள்வாய். ஒரு வரி முடிந்ததும் சேவ் செய்ய இடது கை தானாகக் கன்ட்ரோலுக்குப் போகும். டயாலிசிஸ் மெஷின் அலறும். நர்ஸ் ஓடி வருவார்.

"தம்பி, அந்தக் கையை ஆட்டாதீங்கன்னு எத்தனை மட்டம் சொல்ல?"

"கை எம் பேச்சைக் கேக்க மாட்டேங்குக்கா" என்பாய்.

அதனால் எல்லா ஷார்ட்கட்டையும் வலது கைக்கு மாற்றினோம். கட்டை விரலால் வலப்பக்கத்து கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அமுக்கி, எல் எழுத்தைத் தட்டினால் சேவ். பழைய கன்ட்ரோல் எஸ்ஸும் இருக்கட்டுமே என்றேன். "வேண்டாம்லே. அது இருந்தா இடது கை அங்கயேதான் போவும். ஒண்ணும் நடக்கலன்னாத்தான் அதுக்குப் புத்தி வரும்."

புதியதைத் தட்டினாய். திரை கறுத்து, பாஸ்வேர்டு கேட்டது. மறுபடியும் தட்டினாய். மறுபடியும் கறுத்தது. நான் எடிட்டரின் செட்டிங்கை மாற்றி மாற்றி எழுதினேன். இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடிட்டர் போடு என்று கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நீ சிரித்தாய்.

"ஏலே, எடிட்டரை ஏன் ஏசுத? நாம அடிக்கது அதுகிட்டப் போயே சேரல. நடுவுல டெஸ்க்டாப் புடுங்கிக்கிடுது."

அதுதான் விஷயம். எந்த விசையை அமுக்கினாலும் அது முதலில் எடிட்டருக்கு அடியில் ஓடும் டெஸ்க்டாப்புக்குத்தான் போகும். அதே மூன்று விசைகளை அது திரையைப் பூட்டுவதற்கு வைத்திருந்தது. அங்கே அதை நீக்கியதும் எடிட்டருக்கு வந்து சேர்ந்தது. வெறும் ஃபைலை நீ திரும்பத் திரும்ப சேவ் செய்தாய். "பாரு மாப்ள, ஒண்ணுமே எழுதல. ஆனா பத்திரமா இருக்கு."

ஒவ்வொரு வரிக்கும் எதற்குச் சேவ் என்று எரிச்சலாகக் கேட்டிருக்கிறேன். "பிரஷர் எப்ப இறங்கும்னு தெரியாது. கண்ணு இருட்டுததுக்குள்ள சேவ் ஆயிரணும்லா" என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அம்மாவின் சிறுநீரகம் பொருந்தவில்லை. வேறு கிடைக்கும் என்று காத்திருந்தாய். கிடைக்கவில்லை. சாவு வீட்டில் ஒருவர், "நல்ல பிள்ளையைத்தான் ஆண்டவன் சீக்கிரம் எடுத்துக்கிடுதான்" என்றார். எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். அங்கேயே இருந்திருந்தால் அவரை அடித்திருப்பேன்.

"என்னண்ணே, கஷ்டமான வேலையா?" என்றாள் உன் தங்கை.

"ஒரு நிமிஷ வேலை."

"பொறவு என்ன?"

செட்டிங் ஃபைலை நகல் எடுத்தாகிவிட்டது. எதுவும் தொலையாது. ஆனால் மாற்றிவிட்டால், உன்னைப் போல இந்த லேப்டாப்பில் இனி யாரும் கையை அசைக்கப் போவதில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்ல?

"இடது கையை மடியில வை" என்றேன்.

"எதுக்கு?"

"வை, சொல்லுதேன். இப்ப ஒரு வரி அடிச்சு சேவ் பண்ணு."

விசைகளைக் காட்டிக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் தேடித் தேடித் தன் பெயரை அடித்தாள். நடுவில் இடது கை எழும்பியது. அதை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டாள். கட்டை விரலை வளைத்து அமுக்கினாள். சேவ் ஆனது. அந்த வார்டுக்குள் அவளை ஒருநாளும் விட்டதில்லை. உன் கையில் ஒட்டிய பிளாஸ்திரியை மட்டும்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

"இம்புட்டுக் கஷ்டப்பட்டா அண்ணன் எழுதுச்சு?"

"கஷ்டம்னு அவன் சொன்னதே இல்ல. நான்தான் மெதுவா இருக்கேன்னு ஏசுவான்."

சிரித்தாள். பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அதை விலக்காமலே, "மத்ததையெல்லாம் மாத்திருங்கண்ணே. சேவுக்கு மட்டும் இதுவும் இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே செய்து கொடுத்தேன். கொடுக்கும் முன் நீ கடைசியாகத் திறந்த ஃபைலைப் பார்த்தேன். ஒரு வரி பாதியில் நிற்கிறது. ஆனால் சேவ் ஆகியிருக்கிறது.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, என் லேப்டாப்பிலும் அந்த ஷார்ட்கட்டைப் போட்டுக்கொண்டேன். கன்ட்ரோல் எஸ்ஸை நீக்கிவிட்டேன். மத்தியானம் முழுவதும் இடது கை அங்கேயே போனது. ஒன்றும் நடக்கவில்லை. உன்னைத்தான் ஏசினேன்.

இந்த மடலை இப்போது சேவ் செய்கிறேன். இடது கை மேஜைமேல் கிடக்கிறது. ஆட்டவில்லை, மாப்ள.